மீன் வறுவலுக்குக் கேட்ட சான்று

அன்புள்ள அப்பாவுக்கு,

மார்லிஸ் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? இண்டியானாவில் நான் நலம். சர்ச் ஏணியில் ஒரு படி முறிந்து கணுக்கால் வீங்கியது, அதுவும் வற்றிவிட்டது.

ஏணியில் உனக்கென்ன வேலை என்பீர்கள். இங்கே வில்மா என்ற எண்பது வயது அம்மாளின் சலவைக்கடை ரசாயனம் அந்தக் காலத்திலேயே மண்ணில் இறங்கி, தெருக் கிணறுகளைக் கெடுத்துவிட்டது. சுத்தம் செய்யச் சொல்லி அரசு உத்தரவு. அந்தச் செலவுக்கு அவர் வீட்டை விற்றாலும் போதாது. கடையின் பழைய காப்பீட்டுப் பாலிசியைத் தேடத்தான், தொலைந்த பாலிசிகளைக் கண்டுபிடிக்கும் எங்கள் அலுவலகம் என்னை அனுப்பியது. அது எங்கும் இல்லை. ஆனால் 1971இல் சர்ச் விருந்தில் அவர் கணவர் கடையின் பெயரில் மீன் வறுத்து விற்றபோது, விபத்து ஏதும் நேர்ந்தால் ஈடுகட்ட, கடைக்குக் காப்பீடு உண்டு என்ற சான்றைச் சர்ச்சில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அது சர்ச் பரணில் இருந்தது, பாலிசி எண்ணோடு!

"அம்பது வருஷம் ஆச்சே, இன்னுமா செல்லும்?" என்றார் வில்மா.

"கசிஞ்சது எந்த வருஷமோ, அந்த வருஷப் பாலிசிதாங்க பொறுப்பு."

"அப்போ அந்த மனுஷன் கருக்கின மீனுக்கு இப்பத்தான் ஒரு பிரயோஜனம்!" என்று சிரித்தார்.

காப்பீட்டு நிறுவனம் ஒரு மாதம் இழுத்தடித்து, நேற்று செலவை ஏற்கச் சம்மதித்தது. திங்களன்று மண்ணைத் தோண்டுகிறார்கள்.

அப்பா, என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். இந்தக் குளிருக்குப் பழைய காகிதம் எதையும் அடுப்பில் போடாதீர்கள். அம்மா எழுதிய மளிகைச் சீட்டுகளையும்தான். நான் வந்து பார்க்கிறேன். தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள்
மார்லிஸ்