கூரையிலிருந்து நிக்காஹ்வுக்கு ஓர் அம்பு

2024 நவம்பர் 12
துறைமுக வேலைத்தளத்தின் அட்டவணையில் இன்றும் சிவப்பு, வேலை பிந்துகிறது. கம்பி வந்தால்தான் இறங்குதுறைத் தூணுக்குக் கொங்கிரீட் போடலாம், கம்பி வரவில்லை. கணினித் திரையில் ஒரு வேலையின் பட்டை நகர்ந்தால், அம்பால் அதோடு கட்டிய பட்டைகளெல்லாம் பின்னாலேயே நகர்கின்றன. அதைப் பார்த்துச் சொல்வதுதான் என் உத்தியோகம். பொறியியலாளர் வந்து கத்தினார். நான் ஜன்னலால் மூதூரிலிருந்து வரும் லோஞ்ச் படகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அகீல் வருவார். பேச்சு முடித்த மாப்பிள்ளையை இப்படித் தூரத்தில்தான் பார்க்கலாம். அங்கிருந்து பார்த்தால் நீலச் சட்டை போட்ட எல்லாருமே அவர்தான்.

நவம்பர் 15
பகல் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கதையையும் அந்த அட்டவணையில் போட்டு, அம்பால் கட்டிப் பார்த்தேன். ஆற்று மண் ஏற்ற பெர்மிட், சுவர், கூரை, நிக்காஹ். குறிஞ்சாக்கேணியில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். எனக்குக் கட்டும் வீட்டில் ஓர் அறைதான் முடிந்திருக்கிறது. நிக்காஹ் ஏப்ரலில் போய் நின்றது. அகீல் பெப்ரவரி முடிவில் டோஹாவுக்கு ஏசி திருத்தும் வேலைக்குப் போகிறார். போனால் இரண்டு வருடம்.

நவம்பர் 16
மழை. பெர்மிட் இல்லை.

டிசம்பர் 3
"வீடு முடியாமலே நிக்காஹ் வச்சா என்ன உம்மா?" என்று கேட்டே விட்டேன். "எனக்கென்ன மகள், மாப்பிள வீட்டார் ஒத்துக்கொள்ளமாட்டாங்க" என்றா, சோற்றை வடித்துக்கொண்டே.
இறங்குதுறை பிந்தினா கூட்டம் வைக்கிறாங்க. எனக்கு ஆர் கூட்டம் வைக்கிற? எனக்கு அவரப் பக்கத்தில வச்சுப் பாக்கோணும். வேற ஒண்டும் வேணாம்.

டிசம்பர் 9
அந்த அட்டவணையைப் படமெடுத்து அகீலுக்கு அனுப்பினேன். வெட்கம் கெட்டவள் என்று நினைப்பாரோ?
பின்னேரம் அழைத்தார். "அசனா, கூரையில இருந்து நிக்காஹ்வுக்கு ஒரு அம்பு போகுதே. அத ஆர் போட்ட?"
"நான்தான். வீடு முடியோணும் எண்டு உங்கட உம்மா நிக்கிறாவாமே."
"எங்கட உம்மாவா? வீடு முடியாம உங்கட உம்மா பொண்ணத் தரமாட்டா எண்டுதான் அவ வாயத் திறக்காம இரிக்கிறா."
வேலைத்தளத்தில் ஓர் அம்பு போடுமுன் இரண்டு பக்கமும் கேட்பேன். இங்கே ஒருவரையும் கேட்கவில்லை. இரண்டு வீடும் மரியாதைக்குப் பேசாமல் இருந்திருக்கின்றன. அம்பை அழித்தேன். நிக்காஹ் ஜனவரிக்குத் தாவியது.

2025 ஜனவரி 26
இரண்டு உம்மாமாரும் ஒத்துக்கொண்டு நேற்று நிக்காஹ் முடிந்தது. அறைக்கு ஓடு, குசினிக்குக் கூரையாகத் தறப்பாள் சீலை. காலையில் தேத்தண்ணி வைக்கும்போது தறப்பாள் ஒழுகியது. அகீல் கேத்தலைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நான் நனைந்தபடி சிரித்தேன். கிட்ட நின்று பார்த்தால் அவர் நான் நினைத்ததைவிட உயரம் குறைவு. அதுவும் நல்லதுதான்.

பெப்ரவரி 27
போய்விட்டார்.

ஏப்ரல் 17
இன்று குசினிக்கும் கடைசி ஓடு ஏறியது. கூரை வேலை செய்த மேசன் பாஸ் இறங்கிவந்து, "இனிக் கலியாணத்த வைக்கலாம் தங்கச்சி" என்று பகிடி விட்டார். சிரித்தேன். இனி ஒரு சொட்டும் உள்ளே வராது. பழைய தறப்பாளைத் தன் மோட்டார் சைக்கிளை மூடக் கேட்டார். ஏலாது என்றேன். துடைத்து, மடித்து, அலுமாரியில் அகீலின் சாரனுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.