கட்டிலோரத்துக் காற்றுப்பெட்டி

வீடு,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள என்னவருக்கு,

நலமாக இருக்கிறேன் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். படுத்த படுக்கையாக இல்லை, நடமாடிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் உங்கள் கப்பலின் எஞ்சின் அறையும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் சொல்லலாம்தான். நடுக்கடலில் இருந்து நீங்கள் கூப்பிட்டால் நான் சொல்வதில் பாதியைக் கடல் தின்றுவிடுகிறது. தவிரவும், இத்தனை வருஷமாக வானொலியில் செய்தி வாசிப்பவளுக்கு எழுதி வைத்ததைத்தான் தடுமாறாமல் சொல்ல வரும். அதனால் அடுத்த துறைமுகத்துக்கு இந்தக் கடிதம்.

போன மாதம் காலைச் செய்தி வாசிக்கும்போது தூங்கிவிட்டேன். சிரிக்காதீர்கள். வானிலை அறிக்கையில் "கடலோரப் பகுதிகளில்" என்று சொன்னது நினைவிருக்கிறது. அடுத்து எனக்குத் தெரிந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசிக்கொண்டிருந்ததுதான். நடுவில் ஊர் முழுக்க மௌனம் ஒலிபரப்பாகி இருக்கிறது. வெறும் மௌனம்கூட இல்லை, லேசான குறட்டையும் கேட்டதாம். கடலோரப் பகுதிகளில் என்ன நடக்கிறது என்று கேட்டு நிலையத்துக்கு ஏகப்பட்ட போன்.

இயக்குநர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நடந்தது நடந்துபோச்சும்மா. டாக்டர்கிட்ட போய்ப் பாருங்க. அவங்க சரின்னு எழுதிக் குடுக்கிற வரைக்கும் மைக் வேண்டாம்" என்றார். இப்போது பழைய ஒலிநாடாக்கள் இருக்கும் அறையில் உட்கார்ந்து தூசி தட்டுகிறேன். என் இடத்தில் ஒரு புதுப் பெண் வாசிக்கிறாள். நன்றாகத்தான் வாசிக்கிறாள், அதுதான் வயிற்றெரிச்சல்.

இது ஒரு நாள் அசதி இல்லை. ஒரு வருஷமாகவே விடிந்தால் தலைவலி. விடிய விடியப் படுத்தும் அடித்துப் போட்ட மாதிரி உடம்பு. எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். மாதவிலக்கு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நானும் சத்து மாத்திரையை விழுங்கிக்கொண்டு இருந்துவிட்டேன். பக்கத்தில் படுக்க ஆள் இருந்தால் ஒருவேளை முன்பே தெரிந்திருக்கும். தனியாகத் தூங்குகிறவளின் மூச்சு நின்றால் யாருக்குத் தெரியும்? குறை சொல்ல எழுதவில்லை, மனசில் பட்டதை எழுதினேன்.

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஆஸ்பத்திரியில் தூங்க வைத்துப் பரிசோதித்தார்கள். டாக்டரம்மா திரையில் கோடு கோடாகக் காட்டினார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறதாம். மூச்சு நின்று, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, மூளை பதறியடித்து எழுப்பிவிடுகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை. "நீங்க தூங்கவே இல்லம்மா. ராத்திரி பூரா மூச்சோட மல்லுக்கட்டிட்டு இருந்திருக்கீங்க" என்றார். இப்படியே விட்டால் ரத்த அழுத்தம், இதயம், பக்கவாதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடுமாம்.

போனில் பாதி கேட்டதிலேயே நீங்கள், "ஆபரேஷன் பண்ணிட்டா ஒரே அடியா முடிஞ்சுதே" என்றீர்கள். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். அண்ணத்தின் பின்னால் இருக்கும் சதையையும் உள்நாக்கையும் வெட்டிச் சீர்செய்யும் ஆபரேஷன் இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் பலிப்பதில்லை, சில வருஷத்தில் பழையபடி அடைப்பு திரும்புவதும் உண்டு, சிலருக்குக் குரல் மாறிவிடும் என்றார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பல் டாக்டர் அளவெடுத்துச் செய்து தரும் ஒரு கிளிப் உண்டு. ராத்திரி பல்லில் மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும். அது லேசான கோளாறுக்கு நன்றாக வேலை செய்யுமாம், என்னுடையது முற்றியது. எடையைக் குறைக்கச் சொன்னார், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார், தூக்க மாத்திரைப் பக்கமே போகக் கூடாது என்றார். அதெல்லாம் கூடவே செய்ய வேண்டியவை. எனக்கு நம்பிச் சொல்லக்கூடிய வைத்தியம் ஒன்றுதான் என்றார். கட்டிலோரம் ஒரு சின்னப் பெட்டி. அது ஒரே சீரான அழுத்தத்தில் காற்றை ஊதும். குழாய் வழியாக, முகத்தில் மாட்டிய முகமூடி வழியாக அந்தக் காற்று உள்ளே போய்த் தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கும். தூங்கும்போதெல்லாம் மாட்டியாக வேண்டும், எப்போதும்.

மெஷின் என்று முடிவு செய்துவிட்டேன். உங்களிடம் கேட்டுச் செய்யவில்லையே என்று நினைக்காதீர்கள். தொண்டை என்னுடையது.

கீழ்வீட்டில் இருக்கும் உங்கள் அக்காவிடம் சொன்னேன். "தூங்கறதுக்குக்கூடவா மெஷினு? நாளைக்குச் சிரிக்கறதுக்கும் ஒண்ணு வாங்குவியா?" என்றார். ஹாஸ்டலில் நம் பெண்ணுக்குப் பரீட்சை நடக்கிறது, முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.

எஞ்சின் சத்தத்துக்குக் காதில் அடைப்பான் வைக்க மறக்காதீர்கள்.

மூச்சு இருக்கும்வரை உங்கள்,
மனைவி


வீடு,
சனிக்கிழமை காலை

அன்புள்ள என்னவருக்கு,

பெட்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. அதில் இரண்டு வாரம் அதற்கும் எனக்கும் ஜென்மப் பகை.

முதலில் தந்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய முகமூடி. வார் போட்டுத் தலையில் இறுக்கி, சுவிட்சைப் போட்டதும் ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் முகத்தை நீட்டினாற்போலக் காற்று. மூச்சை உள்ளே இழுப்பது சுலபம், வெளியே விடத்தான் போராட்டம். பிடுங்கி எறிந்தேன். மறுநாளும் எறிந்தேன். வாரைத் தளர்த்தினால் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடித்தது, இறுக்கினால் கன்னத்தில் தடம் விழுந்தது. ஒரு நாள் மாட்டியபடியே தூங்கிப் பார்த்தேன். எழுந்தபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி வந்தது. எந்தக் குரலுக்காக ஆபரேஷனை வேண்டாம் என்றேனோ அந்தக் குரலே போய்விடும் போலிருக்கிறதே என்று சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். திருப்பிக் கொடுக்கத்தான் போனேன், ஒளிப்பானேன்.

அங்கே மெஷின் பிரிவில் இருக்கும் பெண் என்னை உட்கார வைத்தாள். "எல்லாரும் ஒரு தடவை இதைத் திருப்பிக் குடுக்க வருவாங்கக்கா. நீங்க கொஞ்சம் லேட்டு" என்றாள். சிரித்துவிட்டேன், பிறகு எப்படித் திருப்பித் தருவது? பெரிய முகமூடியை எடுத்துவிட்டு, மூக்குத் துவாரத்தில் மட்டும் மெத்தென்று உட்காரும் சின்னதைத் தந்தாள். காற்றை ஈரப்படுத்தும் தண்ணீர்த் தொட்டியை மெஷினோடு பொருத்தினாள். தொடக்கத்தில் மெதுவாக ஊதி, தூங்கத் தூங்க அழுத்தம் ஏறும்படி மாற்றி வைத்தாள். பகலில் முழித்திருக்கும்போதே மாட்டிப் பழகச் சொன்னாள்.

பகலில் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்தித்தாளை மனசுக்குள் வாசித்தேன். எங்கே மூச்சு எடுப்பது, எங்கே விடுவது என்பது வாசிப்பில்தான் எனக்கு வசப்படும். தலையங்கம் வரை வாசித்தேன். விளையாட்டுப் பக்கத்துக்கு வந்தபோது குழாய் மாட்டியிருப்பதே மறந்துபோயிருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு விடியல். கண் திறந்தேன். தலை வலிக்கவில்லை. எதையோ தொலைத்துவிட்ட மாதிரி தலையைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. எழுந்து ஜன்னலைத் திறந்து சும்மா நின்றேன். நான் சோம்பேறியாகிவிட்டேன், கிழவியாகிவிட்டேன் என்றெல்லாம் என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. எனக்குத் தூக்கம் இல்லை, அவ்வளவுதான்.

சண்டை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மூக்கடைத்தால் தொல்லை. குழாய் கழுத்தில் சுற்றிக்கொள்கிறது. தினமும் முகமூடியைக் கழுவ வேண்டும், தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும். கைக்குழந்தை வளர்ப்பது போலத்தான்.

உங்கள் அக்கா ஒரு நாள் காலையில் மாடிக்கு வந்தவர், நான் குழாயோடு படுத்திருந்ததைப் பார்த்துவிட்டார். "தும்பிக்கை முளைச்சிருக்கே உனக்கு" என்பார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னவென்று புரியவில்லை.

தூங்கி எழுந்து, தெளிந்த தலையோடு எழுதுகிறேன்,
உங்கள் மனைவி


வீடு,
ஞாயிறு மாலை

அன்புள்ள என்னவருக்கு,

தலைப்புச் செய்தி முதலில். திங்கட்கிழமை மறுபடியும் மைக் முன்னால் உட்கார்ந்தேன்.

நான் எவ்வளவு நேரம் மாட்டித் தூங்குகிறேன், மூச்சு எத்தனை தடவை நிற்கிறது என்பதையெல்லாம் மெஷினே குறித்து வைக்கிறது. அதைப் பார்த்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். நாற்பது இப்போது மூன்று. இயக்குநர் மதியச் செய்தியில் தொடங்கலாமா என்று இழுத்தார். காலைச் செய்திதான் வேண்டும், விழுந்த இடத்தில்தான் எழுந்திருப்பேன் என்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் வரியைப் பிடித்தேன், பிறகு பழைய பாதை. வானிலை அறிக்கை வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் எழுந்தே நின்றுவிட்டார். "கடலோரப் பகுதிகளில் மிதமான மழை" என்று முடித்தேன். அவர் உட்கார்ந்தார். கீழ்வீட்டில் உங்கள் அக்கா வானொலியை அலறவிட்டுத் தெருவுக்கே கேட்கச் செய்தாராம்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

"மெஷின் நல்லதுதான், நான் லீவில் வந்திருக்கும் ஆறு வாரம் மட்டும் அதைப் பரண்மேல் போட்டுவிடு, பார்க்க ஒரு மாதிரி இருக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷத்தில் ஆறு வாரம் வருகிறவருக்கு நான் எப்படித் தெரிய வேண்டும் என்பதா பெரிசு, என்று நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். கோபத்தோடு உங்கள் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் அரிந்துகொண்டிருந்த காயைக் கீழே வைத்தார். பிறகு, "அவன் அழகு பாக்கறவன் இல்லம்மா. அப்பா கடைசியில ஆஸ்பத்திரியில மூஞ்சியில மாஸ்க்கோட கிடந்தாரு. கூட இருந்தது அவன்தான். பள்ளிக்கூடம் முடிக்கல அப்போ. அதைக் கழட்டினதும் எல்லாம் முடிஞ்சுது. அன்னிக்கு உன்னைப் பாத்துட்டு என்னாலயே நிக்க முடியல. அவன் எப்படிப் பாப்பான்?" என்றார்.

இத்தனை வருஷத்தில் நீங்கள் இதை என்னிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். உங்களுக்குப் பேசாமல் இருக்கத் தெரியும், எனக்கு வாசிக்கத் தெரியும். அப்படித்தானே குடித்தனம் நடத்துகிறோம்.

உங்களுக்காக டாக்டரம்மாவிடம் கேட்டும் பார்த்தேன். ஆறு வாரம் விட்டுவிடலாமா என்று. "கண்ணாடி போட்டவங்க கழட்டினா பார்வை எப்படியோ, அப்படித்தாம்மா இதுவும். கழட்டின அன்னிக்கே அடைப்பு திரும்பிடும்" என்றார். எனவே மெஷின் பரண் ஏறாது. நீங்கள் வரும் அன்றும் ஏறாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாமாவுக்கு அந்த முகமூடி எல்லாம் கைவிட்ட பிறகு வந்தது. இது எதுவும் கைவிட்டுப் போகாமல் இருக்க வந்தது. அது படுத்தவரை எழுப்பவில்லை. இது தினமும் என்னை எழுப்பி வேலைக்கு அனுப்புகிறது. உங்களுக்கு இதை அறிவு ஒத்துக்கொள்ளும், கண் ஒத்துக்கொள்ள நாளாகும். எனக்கே இரண்டு வாரம் ஆயிற்றே. மெஷின் பிரிவுப் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் இருவரும் போவோம். கழற்றி, மாட்டி, திருகி, உள்ளே என்ன ஓடுகிறது என்று பாருங்கள். எஞ்சினைப் பிரித்து மேய்கிறவர் இந்தக் குட்டி மோட்டாருக்கா பயப்படப் போகிறீர்கள்? உங்கள் கப்பலின் சத்தத்துக்கு இது மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை.

கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். வலது பக்கம் எனக்கும் பெட்டிக்கும். இடது பக்கம் உங்களுக்கு. நடுவில் குழாய் வராதபடி தலைமாட்டில் ஒரு கொக்கி அடித்துவிட்டேன், நானேதான் அடித்தேன், கொஞ்சம் கோணல். நம் பெண்ணுக்கும் விடுமுறை, வந்துவிடுவாள். அவளிடம் எல்லாம் சொல்லியாயிற்று.

இன்னும் நிறைய நாள் உங்களோடு சண்டை போட வேண்டும் எனக்கு. அதற்காகவாவது பத்திரமாக வந்து சேருங்கள். முதல் நாள் என்னைப் பார்க்க முடியவில்லை என்றால் விளக்கை அணைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். மெஷினை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி