ஒரே பெட்டியில் இரண்டு லைன்

ஆகஸ்ட் 12

போர்ட் காலி இல்லை என்று இன்றும் இரண்டு பேருக்குப் பதில் எழுதினேன். ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார். இன்னொருவர் மேலிடத்துச் சிபாரிசோடு கேட்டிருந்தார். இருவருக்கும் ஒரே வாசகம்தான்.

வீட்டுக்கு வந்தால் மாமியார் பிடித்துக்கொண்டார். அவருக்கு எத்தனையாவது முறையாகவோ விளக்கினேன். ஒருவர் போனில் எண்ணை அழுத்தியதும் அவருடைய எக்ஸ்சேஞ்ச் மற்ற ஊர் எக்ஸ்சேஞ்சிடம், அந்த எண் சும்மா இருக்கிறதா, மணி அடிக்கட்டுமா என்று கேட்கிறது. அந்தக் கேள்வியும் பதிலும் எங்கள் சிக்னல் சென்டர் வழியாகப் போகின்றன. எங்களுக்கு ஜோடியாக வேறு ஊரில் இன்னொரு சென்டர் இருக்கிறது. ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் இரண்டுக்கும் ஆளுக்கொரு லைன் போட்டாக வேண்டும். ஒன்று போனாலும் மற்றது தாங்கும். லைனைச் செருகுகிற இடம்தான் போர்ட். இரண்டு சென்டரிலும் போர்ட் தீர்ந்துவிட்டது. மெஷினைச் செய்த கம்பெனியோ அந்த மாடலையே நிறுத்திவிட்டது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு பிளக் பாயிண்ட் தானேம்மா. நம்ம வீட்லயே மூணு சும்மா இருக்கு. கைல வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க" என்றார்.

வெண்ணெய் என்று அவர் சொன்னது என்னைத்தான். துறைமுக ஊரில் புது எக்ஸ்சேஞ்ச் கட்டி, பெயின்ட் அடித்து, மெஷினும் வைத்தாகிவிட்டது; லைன்தான் இல்லை. அதற்குப் பொறுப்பாளராகப் போகவேண்டியவர் அவருடைய மகன். அதாவது என் கணவர்.

ஆகஸ்ட் 20

இவர் துறைமுகத்துக்குப் போய்விட்டு வந்தார். மாதாமாதம் போகிறார். லைன் இல்லாத எக்ஸ்சேஞ்சில் என்ன வேலை என்று நான் கேட்பதில்லை. சட்டையெல்லாம் தூசியோடு வந்து, "இன்னிக்கு மெஷின்ல எல்லா கார்டையும் தொடச்சேன்" என்றார்.

டிசம்பர் 31க்குள் திறக்காவிட்டால் இவருடைய நியமனம் காலாவதி. பிறகு புதுப் பட்டியல், புது ஆள். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுக்குக் கீழே வேலை பார்த்தாயிற்று. தன் பொறுப்பில் ஒரு எக்ஸ்சேஞ்ச் வேண்டும் என்பதைத் தவிர இவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லமாட்டார்.

செப்டம்பர் 3

எல்லா லைன்களின் சுமையையும் எடுத்துப் பார்த்தேன். பெரிய ஊர்களை விட்டுவிட்டால், பெரும்பாலான லைன்கள் நாள் முழுக்கச் சும்மா கிடக்கின்றன. ஒரு லைன் தாங்கக்கூடியதில் நூற்றில் இரண்டு பங்கு, மூன்று பங்குதான் ஓடுகிறது. ஆனால் ஆளுக்கொரு போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பஸ் முழுக்க, இரண்டு பேர் சீட்டில் ஒருவராகக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, வாசலில் நிற்பவரிடம் இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மெல்லிய லைன்கள் பதினாறைச் சேர்த்து ஒரே பெரிய லைனாக்கி மெஷினுக்குக் கொடுக்கிற பெட்டி ஒன்று சந்தைக்கு வந்திருக்கிறதாம். பதினாறு போர்ட் வேலையை ஒரு போர்ட் பார்க்கும். என் மேலதிகாரி சீஃபிடம் சொன்னேன். எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. "யார் வாங்கியிருக்காங்க?" என்றுதான் கேட்டார்.

செப்டம்பர் 4

எங்கள் சென்டரில் லைன் இழுக்கிற கேபிள்காரர் கேட்டார்: "பதினாறு மருமகளுக்கு ஒரு சமையல்கட்டா மேடம்? நடக்கிற காரியமா?"

அக்டோபர் 24

நடந்தது. பெட்டி வந்து, பதினான்கு லைன்களை ஒவ்வொன்றாக மாற்றினோம்; பெட்டியில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. ஒரு அழைப்புகூடத் தவறவில்லை. எங்கள் சென்டரில் பதின்மூன்று போர்ட் மிச்சம். சீஃப் வந்து காலிப் போர்ட்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இவரிடம் சொன்னேன். எழுந்து போய் சூட்கேஸில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டார். மாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 27

அவசரப்பட்டுவிட்டோம். வாங்கியது ஒரே பெட்டி. அது இருப்பது எங்களிடம். ஜோடி சென்டரில் போர்ட் இன்னும் இல்லை. அங்கே ஒரு பெட்டி வைக்க அடுத்த வருட ஒதுக்கீடு வரவேண்டும். ஆக, துறைமுகத்துக்கு முதல் லைன் எங்கள் பெட்டியில் தயார் (சின்ன ஊர் லைன் எல்லாம் இனிப் பெட்டிக்குள்தான் என்று உத்தரவு), இரண்டாவது லைன் இல்லை.

இவர் துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். மடிப்பு கலையாமல்.

நவம்பர் 20

ஜோடி சென்டர் பொறுப்பாளர் போன் செய்தார். பத்து வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. எப்போது பேசினாலும் எதையாவது மென்றுகொண்டே பேசுவார்.

"ஒரு வழி இருக்கு மேடம். எனக்கு வரவேண்டிய லைனையும் உங்க பெட்டிக்கே கொண்டாந்துடுங்க. பெட்டிலேர்ந்து உங்களுக்கு ஒரு பெரிய லைன், எனக்கு ஒரு பெரிய லைன். எனக்கு வரப்போற பெட்டிக்குன்னு ஒதுக்கின ஒரே ஒரு போர்ட் இருக்கு, ஒத்தை ஊருக்குத் தரமுடியாது, பெட்டிக்குன்னா தரலாம். துறைமுகத்துக்கு ரெண்டு லைனும் ஆச்சு."

கெட்டிக்காரர்தான். தாளில் இரண்டு லைன், இரண்டு சென்டர், எல்லா விதிக்கும் பொருத்தம். ஆனால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் நுழைகின்றன. பெட்டி நின்றால் அந்த ஊர் அதோடு சரி. உள்ளூருக்குள் பேசிக்கொள்ளலாம். தீயணைப்பும் பெரிய ஆஸ்பத்திரியும் பக்கத்து ஊரில்.

மாலையில் சீஃப் கூப்பிட்டார். விஷயம் அவருக்குப் போயிருக்கிறது. "எனக்குச் சம்மதம்மா. உங்க கையெழுத்து வேணும். உங்க வீட்டுக்காரர் விஷயம்னுதான் இவ்வளவு தூரம் இறங்கி வரேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது?

நவம்பர் 21

கையெழுத்துப் போடவில்லை.

சீஃப் கோபப்படவில்லை. "உங்க இஷ்டம்" என்று வேறு ஃபைலை எடுத்துக்கொண்டார். வெளியே வந்தால் கேபிள்காரர், யாரிடமோ சொல்வதுபோல, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டார்" என்றார். இவ்வளவு நாளில் அவர் சொன்ன எதற்கும் நான் சிரிக்காமல் இருந்ததில்லை.

அடுத்தவர் சொல்லிக் கேட்பதற்கு முன் நானே இவரிடம் சொல்லிவிட்டேன். டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் எழுதிக் குடுக்கிறேன். என்ன ஆனாலும் என் பொறுப்புன்னு."

"ஆபத்து உங்களுக்கு இல்லையே. அந்த ஊருக்கு."

"அந்தப் பெட்டி நின்னுபோகும்னு நினைக்கிறியா?"

"நிக்காதுன்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம் என்ன?"

என்னிடம் பதில் இருந்தது. நிற்காது என்று நினைத்துத்தான் எல்லோரும் எல்லாவற்றையும் செய்கிறார்கள். "நான் போகக்கூடாதுன்னு நினைக்கிற. அதைச் சொல்லிட்டுப் போயேன்" என்றார். நான் எழுந்து போய்ப் பாலுக்கு உறை ஊற்றினேன்.

நவம்பர் 22

இவர் போகாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம். உண்மை. துறைமுகம் ஒரு பகல் பயணம். மாதம் ஒருமுறை வந்து போகிற புருஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது — இதை ஆகஸ்டிலேயே நினைத்தேன்.

அதனாலதான் கையெழுத்து போடலியா? இல்ல. வேற யார் போற எக்ஸ்சேஞ்சா இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். ஆனா வேற யாரோடதா இருந்திருந்தா ராத்திரி தூங்கியிருப்பேன். மனசுல ஒண்ணு, ரூல்ல ஒண்ணு, ரெண்டும் ஒரே பக்கம் இழுத்தா எது இழுக்குதுன்னு யாருக்குத் தெரியும்? யார் நம்புவாங்க? நானே ரெண்டு தடவை யோசிக்கிறேன்.

டிசம்பர் 31

காலாவதி.

பிப்ரவரி 9

இவரைப் பில் புகார்ப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அதிகமாக பில் வந்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு, இல்லை, சரியாகத்தான் வந்திருக்கிறது என்று பதில் எழுத வேண்டும்.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. "சாவி எங்க", "கேஸ் தீர்ந்துடுச்சு", "அம்மாவுக்கு மாத்திரை". தேவையான பேச்சு எல்லாம் நடக்கிறது. மாமியார் நடுவில் உட்கார்ந்து ஆள் மாற்றி ஆள் பார்க்கிறார். நேற்று என்னிடம் மெதுவாக, "அவன்கிட்ட ஏதாவது கேளும்மா. கேட்டா பேசுவான்" என்றார். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

சில நாள் சாப்பிடும்போது இவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பெட்டி எப்படி இருக்கு?"

ஓடுகிறது என்பேன். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நிற்கவேண்டும் என்று இரண்டு தடவை நினைத்திருக்கிறேன். சிக்னல் சென்டர் பொறுப்பாளர் நினைக்கிற நினைப்பா இது?

ஏப்ரல் 17

ஜோடி சென்டருக்குப் பெட்டி வந்துவிட்டது. மென்றுகொண்டே சொன்னார்.

மே 19

துறைமுகத்துக்கு இரண்டு லைனும் கொடுத்தாயிற்று. ஒன்று எங்கள் பெட்டி வழியாக, மற்றது அவர்கள் பெட்டி வழியாக. காலையில் சோதனை அழைப்பை நான்தான் எடுத்தேன்.

"மேடம், துறைமுகத்துலேர்ந்து பேசறேன். நல்லா கேக்குதா?"

புதுப் பொறுப்பாளர். சின்னப் பெண்ணின் குரல். நன்றாகக் கேட்கிறது என்றேன். வேலை முடிந்தபிறகும் அவள் போனை வைக்கவில்லை.

"இங்க முன்னாடி ஒருத்தர் வந்து போயிட்டிருந்தாராமே மேடம். ஒவ்வொரு ஒயர்லயும் சீட்டு கட்டி வச்சிருக்கார். எது எங்க போகுது, எதைத் தொடக்கூடாது, ஏன் தொடக்கூடாதுன்னு. எனக்கு ஒரு மாச வேலை மிச்சமாச்சு. அவரைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றேன். அதோடு போனை வைத்துவிட்டேன். லைனில் கோளாறு என்று அவள் நினைத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் இவரிடம் சொன்னேன். தொடக்கூடாது என்று எழுதிய சீட்டைப் பற்றியும் சொன்னேன்.

"பேட்டரி ரூம் பச்சை ஒயர்" என்றார் உடனே. "சீட்டுல பாதிதான் எழுதினேன். இடம் பத்தல. அதைத் தொட்டா பரவாயில்ல, இழுத்தாதான் ஆபத்து. அந்தப் பொண்ணு நம்பர் இருக்கா?"

கொடுத்தேன். இவரே அழைத்தார். முன்னாடி வந்து போயிட்டிருந்தவன் என்று சொல்லிக்கொண்டார். பச்சை ஒயர், மழை ஒழுகுகிற மூலை, ஜெனரேட்டரின் அடம் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ கேட்டாள் போலிருக்கிறது. குழாயை மூடிவிட்டு நின்றேன்.

"அப்பவே திறந்திருக்கலாம்மா. ரெண்டு லைனும் ஒரே பெட்டில போயிருக்கும். அது சரியா வராது, இருக்கட்டும்னு விட்டுட்டோம்" என்றார்.