ஈயத் துளிமேல் ஒரு ஜெபம்

என் பிலோ அக்காவுக்கு,

அங்கே பரலோகத்திலும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லி மிரட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்களா? ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற எனக்கு, உங்கள் அதட்டல் இல்லாமல் காது சும்மா கிடக்கிறது. உங்கள் நாற்காலியில் இப்போது ரோஸி. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்த பெண், நல்ல கை.

உங்கள் மகள் அனிதாவைத் தேக்கா மார்க்கெட் மீன் கடையில் பார்த்தேன். முகமும் காலும் வீங்கியிருந்தன. “ஆன்டி, கிட்னியில ஊசி போட்டு சதை எடுத்துட்டாங்க. அம்மாவுக்கு வந்ததேதானா?” என்றாள். நான் மீனுக்கு விலை பேசினேன்.

அந்தச் சதைத் துணுக்கு நம் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. மேலே எண்தான், பெயர் கிடையாது. ஆனால் அந்த வாரம் வந்த சிறுநீரகத் துணுக்கு அது ஒன்றுதான்; ரோஸியிடமும் சொன்னேன். ரோஸி அதைக் கண்ணுக்கே தெரியாத சீவலாகச் சீவி, குட்டிச் செம்பு வலையில் ஏந்தி, ஈயச் சாயத் துளிமேல் குப்புறப் போட்டாள். அலசி, உலர்த்தி, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். திரையெங்கும் கறுப்புப் புள்ளிகள்.

உங்களுடையதிலும் கறுப்புத் திட்டுகள்தானே இருந்தன?

திடீரென்று ரோஸி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயோ அக்கா! உங்க பிலோ அக்கா பொண்ணாச்சேன்னு குனிஞ்சு ஜெபம் சொல்லிட்டே சாயம் போட்டேன். மூச்சு பட்டு ஈயம் திரிஞ்சு புள்ளியா ஒட்டியிருக்கு, நோய் இல்ல.”

“மனசுக்குள்ள சொல்லேன் லா. கடவுளுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்.”

“சிரிக்காதீங்கக்கா, இன்னொரு சீவல் எடுக்கணும்.”

மறுபடி ஒரு சீவல், புதுத் துளி. நீங்கள் மிரட்டுவீர்களே, அதே மாதிரி இருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான், நம்புங்கள். இந்த முறை படம் சுத்தமாக வந்தது. “நல்லதா கெட்டதா?” என்றேன். “டாக்டர்தான் சொல்லணும்” என்று விளக்கை அணைத்தாள்.

நேற்று சுவா சூ காங்கில் உங்கள் கல்லறைப் பக்கத்திலிருந்து அனிதா போன் பண்ணினாள். உங்கள் நோய் இல்லையாம், அக்கா. மாத்திரைக்கு அடங்குமாம். அழுதாளா சிரித்தாளா, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மாத்திரை போட்டால் முகம் இன்னும் கொஞ்சம் உப்புமாம். பூசணிக்காய் என்று வாய் வரைக்கும் வருகிறது. சத்தியமாகச் சொல்ல மாட்டேன். மாத்திரை முடிகிற வரைக்கும்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
லூர்து