சித்தி என்னை மேடம் என்று கூப்பிட்ட சனிக்கிழமை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அவர் முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு, நான் வாய்க்குப் பட்டை போடாமல். நீ பதினெட்டு நாளாக என் போனை எடுக்கவில்லை. ஷிப்ட் என்று சொல்வாய், சரி. ஆனால் உங்கப்பா கூப்பிட்டால் எடுக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் உன்னோடு பேசும்போது மட்டும் அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அங்கே பேசினால் மாடிப்படி வரைக்கும் கேட்கும் என்று முப்பது வருஷமாக அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. சித்தி விஷயத்தை உன்னிடம் போட்டு உடைத்ததும் அவர்தான், அரைகுறையாக. நீயும் "சித்தியோட சாப்பாட்டு அட்டையை நிறுத்தினது நீயாம்மா" என்று ஒரே வரி அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டாய். இதற்குப் போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், கடைசியில் யார் முதலில் வைத்தது என்பதுதான் மிஞ்சும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், நான்தான். என்னோடு சேர்ந்து இன்னும் நாற்பத்துச் சொச்சம் பேர் கை தூக்கினார்கள், ஆனால் உன் கேள்வி என்னைப் பற்றியது, ஆகவே நான்தான்.

ஏழெட்டு மாதத்துக்கு முன் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் முப்பதாம் பக்கத்தில் நம் ஆஸ்பத்திரியில் மூடிக் கிடக்கிற பிரசவ வார்டைத் திரும்பத் திறக்க வழி செய்திருந்தார்கள். அந்த வார்டில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக நின்றவள் நான். அதை மூடியபோது வந்த கோபத்தில்தான் தேர்தலிலேயே நின்று ஜெயித்தேன், அது உனக்குத் தெரியும், அப்போது வாசலில் ஒட்டிய சுவரொட்டியில் என் மூக்கு பெரிதாக இருக்கிறது என்று சிரித்தவளும் நீதான். அதே மசோதாவில் தொண்ணூற்றாறாம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. உணவு உதவி அட்டை வைத்திருப்பவர்கள் மாதம் எண்பது மணி நேரம் வேலை செய்ததற்கு முதலாளியிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் அதற்கு டாக்டர் சான்றிதழ் தர வேண்டும், அதுவும் முப்பது நாளுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும், தவறினால் அட்டை நின்றுவிடும். நான் அதைப் படிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை. படித்தேன். ஒரு கையெழுத்துதானே, இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். பிரசவ வார்டு கண்ணை மறைத்துவிட்டது. கை தூக்கினேன், வீட்டுக்கு வந்து உங்கப்பாவுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து ஜனங்களைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. பெரிய கூடத்தைப் படிக்க வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு எனக்குக் குழந்தைகள் பிரிவைக் கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியெல்லாம் முழங்கால் உயரம், உட்கார்ந்தால் தாடை முட்டியில் இடிக்கும், சுவரில் ஒட்டகச்சிவிங்கி. பக்கத்தில் என் உதவியாளர். அறுபது வயது, அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர், எதை எழுதினாலும் மூன்று வார்த்தைக்கு ஒரு கமா போடுவார், அதனால் ஆபீஸில் எல்லோருக்கும் அவர் கமாதான். அந்தச் சனிக்கிழமை வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அட்டை நின்றுபோனவர்கள். ஒருத்தர் முதலாளி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என்றார், ஒருத்தி மூன்று வீட்டில் வேலை செய்கிறேன், இதில் யார் என் முதலாளி என்று கேட்டாள், இன்னொருவர் உதவி எண்ணைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு வந்திருந்தார். நான் எல்லோரிடமும் கவனிக்கிறேன், கவனிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கமா குனிந்தபடி டோக்கன் முப்பத்தொன்று என்று கூப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தால் உன் சித்தி. என் கூடப்பிறந்தவள். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறாள், நான் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கையில் ஒரு நீல ஃபைல். அந்தக் குட்டி நாற்காலியில் நேராக உட்கார்ந்து "வணக்கம் மேடம்" என்றாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, விளையாடுகிறாள் என்று நினைத்தேன். என்னடி இது, வீட்டுக்கு வந்திருக்கலாமே என்று தணிந்த குரலில் கேட்டேன். "வீட்டுக்கு வந்தா அக்கா. இங்க டோக்கன் எடுத்துட்டு வந்திருக்கேன் மேடம்" என்றாள். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாக வைத்தாள். சித்தப்பா சுவருக்கு வர்ணம் அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அந்த வீட்டில் இவள் சம்பளம் மட்டும்தான் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர்கள் உணவு உதவி அட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. "மாசம் எண்பது மணி நேரம் கேக்குறீங்க மேடம். சலவைக்கூடத்துல எனக்கு அறுபதுதான் குடுக்கறாங்க. ஓட்டல்ல ஆள் தங்கினாத்தானே எங்களுக்குப் போர்வை வரும். மிச்சம் இருபது மணி நேரத்தை நான் யார்கிட்ட போய்க் கேக்கணும்?" என்றாள். நக்கலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒரு விவரம் கேட்கிற மாதிரி கேட்டாள். சித்தப்பாவுக்காக டாக்டர் சான்றிதழ் தரலாமே என்றேன். டாக்டரைப் பார்க்க மூன்று மாதம் கழித்துத்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள், பழைய சான்றிதழ் செல்லாது என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். கவனிக்கிறேன் என்றேன். நன்றி மேடம் என்று எழுந்து போய்விட்டாள். கமா தன் நோட்டில் "மனுதாரருக்கு, உரிய விளக்கம், அளிக்கப்பட்டது" என்று எழுதினார். அந்த நோட்டைப் பிடுங்கி ஒட்டகச்சிவிங்கி மேலே வீசலாம் போல இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பை நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். அரிசி, எண்ணெய், முட்டை, பால் பவுடர், சித்தப்பாவுக்குப் பிடித்த பிஸ்கட். கதவைத் திறந்தவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. வீம்பு பண்ணாதே, வாங்கிக்கொள் என்று நானும் கொஞ்சம் கத்திவிட்டேன், எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவள் மெதுவாக, "இதை நான் வாங்கிட்டேன்னா உனக்கு நிம்மதியா இருக்கும். அதான் வாங்கல" என்றாள். எனக்கு எப்படி இருக்கும் சொல். பையை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். நாலு நாள் கழித்து ஆபீஸுக்கு, இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சாமான் கொடுக்கிற உணவு வங்கியிலிருந்து கடிதம் வருகிறது, சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் தங்கை மூலம் அனுப்பிய நன்கொடைக்கு மனமார்ந்த நன்றி என்று. இரண்டு பையையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய் என் பேரில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் அதே இடத்தில் வரிசையில் நின்று தனக்கு உரியதை வாங்கி வந்திருக்கிறாள். கமாவுக்கு ஒரே சந்தோஷம், தொகுதிக்கு அனுப்புகிற மாத மடலில் போடலாம் மேடம், பையோடு ஒரு போட்டோ எடுத்தால் நன்றாக இருக்கும் என்கிறார். இதனால்தான் சொல்கிறேன், நீ அங்கிருந்து சித்திக்குப் பணம் அனுப்பாதே, அதுவும் எந்த வரிசைக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று வந்த எல்லோருடைய விவரத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு உணவு உதவி அலுவலகத்தின் அதிகாரியைப் பார்க்கப் போனேன். நல்ல மரியாதை, டீ வந்தது. பட்டியலை வாங்கிப் பார்த்தவர் அதை மேஜை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இவங்கள்லாம் முறைப்படி வரட்டும் மேடம். உங்க தங்கச்சி அட்டை நம்பரை மட்டும் சொல்லுங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன்" என்றார். அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. டீயைக் குடித்தேன், தம்ளரைக் கீழே வைத்தேன், இந்தப் பட்டியலில் அவளும் இருக்கிறாள், வரிசைப்படி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். நான் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, பசியோடு இருந்தது நான் இல்லையே. உங்கப்பாவிடம் சொன்னேன், நம்பரைச் சொல்லியிருக்கலாம் என்றார், அரை மணி கழித்து வந்து, சொல்லியிருந்தால் அவள் உன் முகத்தில் விழித்திருக்க மாட்டாள் என்றார். இந்த மனுஷனிடம் கேட்டால் எப்போதும் இரண்டு பதில் கிடைக்கும்.

அந்த மாத மடலில் கமா தயார் பண்ணியிருந்ததில் முதலில் புது பஸ் நிழற்குடை, பிறகு தெருவிளக்கு, பிறகு நூலகத்துக்கு வர்ணம், கடைசியில் பொடி எழுத்தில் "உணவு உதவித் திட்டத்தில், சில, மாற்றங்கள்". முழுவதையும் அடித்துவிட்டு நானே எழுதினேன். இந்த விதிக்கு நான் ஆதரவாகக் கை தூக்கினேன், அது தப்பு, நம் தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் அட்டை நின்றிருக்கிறது, அடுத்த கூட்டத்தில் திருத்தம் கொண்டு வருகிறேன் என்று. கமா தாளைப் படித்துவிட்டு, ஒரு கமாகூடச் சேர்க்காமல் அச்சுக்கு அனுப்பினார், அந்த மனுஷன் மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. மறுநாள் கட்சிக் கொறடா கூப்பிட்டார். தப்பு என்கிற வார்த்தையை யாராவது மடலில் போடுவார்களா, பிரசவ வார்டு உங்களுக்கு வேண்டாமா, அடுத்த தேர்தலில் நிற்கிற உத்தேசம் இல்லையா என்று மூச்சு விடாமல் கேட்டார். வார்டும் வேண்டும், அங்கே பிள்ளை பெற்றுக்கொண்டு போகிறவள் வீட்டில் சாப்பிடவும் வேண்டும் என்றேன். திருத்தம் கொண்டு வந்தேன். ஆறு ஓட்டில் தோற்றது. நான் பேசிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஒருவர் செல்போனில் கார் பந்தயம் விளையாடிக்கொண்டிருந்தார். ஆனால் பேப்பரில் வந்துவிட்டதால் அமைச்சருக்குக் கொஞ்சம் உறுத்தி, டாக்டர் சான்றிதழுக்கு முப்பது நாள் என்றிருந்ததை நூற்றிருபது நாள் ஆக்கினார்கள். அந்த எண்பது மணி நேரம் அப்படியே இருக்கிறது. இதற்காகக் கைதட்டினார்கள், என் பக்கத்து இருக்கைக்காரர் வாழ்த்துகூடச் சொன்னார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மாற்றத்தால் சித்தப்பாவின் பழைய சான்றிதழ் செல்லும் என்று ஆகி, பட்டியலில் அவர்கள் முறை வந்து, பத்தாவது வாரம் சித்தி அட்டை உயிர்பெற்றது. முந்தாநாள் அவளே போன் பண்ணி, ஞாயிறு மதியம் அத்தானையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா என்றாள், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்றுத்தான் போய் வந்தோம். நான் ஒன்றும் வாங்கிக்கொண்டு போகவில்லை, வாங்கிக்கொண்டு போகவும் பயமாக இருந்தது. சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து காட்டினார், உங்கப்பா தன் முழங்கால் பட்டையைக் கழற்றிக் காட்டினார், இருவருக்கும் நேரம் போனது தெரியவில்லை. சித்தி நாலு தட்டு வைத்தாள். சோறு, காய், ஆளுக்கு ஒரு முட்டை. அவள் கழுத்தெலும்பு தெரிகிறதடி. இத்தனை நாளாக ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்பாள், இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்த நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன். அவள் எனக்குப் பரிமாறிவிட்டு, "சாப்பிடு. நீ கை தூக்கினது போக மிஞ்சினது" என்றாள். உங்கப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ஆறப்போகிறது, முழுங்கு என்று அதட்டினாள். முழுவதையும் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டாள், போடு என்றேன். போட்டாள்.

இவ்வளவுதான் நடந்தது. இனி உன் கோபம் உன் இஷ்டம். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நினைத்தது கைகூடி நீண்ட நாள் வாழ வேண்டும் என்று உங்கப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறாய், இனிமேல் அது எனக்குப் போதாது. என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று சொல். சொல்வதற்காகவாவது போனை எடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அம்மா