சந்திரப் பட்டணத்துப் பள்ளி

கட்டுக்கலை, கண்டி
1936 ஆகஸ்ட் 9

கொழும்பில் இருக்கும் பாயிஸாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மாமிக்கு இருமல் தணிந்துவிட்டது. பாயிஸாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாப்பாவுக்குக் காட்ட வேண்டுமென்று அதைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறாள். மழை விட்டபாடில்லை, குசினிக் கூரை பழையபடி ஒழுகுகிறது.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நாம் பெட்டிக்குள் செய்த சந்திரப் பட்டணத்துக்குக் கண்காட்சியில் முதல் பரிசு என்று வாசித்ததும் மாமி மகனின் பெருமையில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தனுப்பினார். யாரோ ஒரு துரை அடுத்ததாகச் செவ்வாய்க் கிரகத்துப் பட்டணம் கேட்கிறார், முட்டைக் கோதுகளை உடையாமல் சேர்த்து வை என்றும் எழுதியிருந்தீர்கள். அன்றைக்கே நான் முட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பாதியாக அறுக்க ஆரம்பித்துவிட்டேன். அப்படியொரு பைத்தியக்காரி நான்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து என் காக்கா நளீர் வந்தார். கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனவர் கண்காட்சிக்கும் போயிருக்கிறார். கூட்டத்தில் உங்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறார், நீங்கள் காணவில்லை. தங்கச்சியின் குடும்பத்தில் தீ வைக்கக் கூடாதென்று முதலில் வாயே திறக்கவில்லை. நான்தான் விடவில்லை.

நாம் அந்தப் பட்டணத்தைச் செய்த விதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஈரச் சுண்ணாம்பில் மாமியின் கொட்டைப்பாக்கைப் போட்டுப் போட்டு எடுத்துப் பள்ளங்கள் செய்தேன். அதன்மேல் அடுப்புச் சாம்பலை மல் துணியில் சலித்துத் தூவினேன். சந்திரனில் காற்றில்லை என்று நீங்கள் சொன்னதால் பீஸ் போன பல்புகளை அறுத்து வீடுகளுக்கு மேல் கவிழ்த்தோம். உருவங்களுக்கு முகம் வைக்கக் கூடாதென்று மாமி பிடிவாதம் பிடித்தார். நல்லதாய்ப் போயிற்று, எல்லோர் தலையிலும் கண்ணாடி மணியைக் கோத்து மூச்சுவிடும் மூடி என்று சொல்லிவிட்டோம். நம் கண்டி வாவி மாதிரி ஒன்று வேண்டுமென்று பாயிஸா அழுதபோதுகூட, அங்கே தண்ணீர் இல்லை, எல்லாம் உள்ளபடி இருக்க வேண்டும் என்று நான் வைத்த கண்ணாடித் துண்டைப் பிடுங்கி எடுத்தவர் நீங்கள்.

அப்புறம் அந்தப் பள்ளிவாசல். தீப்பெட்டி அட்டையில் சுவர், முட்டைக் கோதில் கும்மட்டம். எந்தப் பக்கம் பார்த்து வைப்பதென்று இருவரும் எவ்வளவு யோசித்தோம்! தொழுவது மக்காவைப் பார்த்து, மக்கா இருப்பது பூமியில். சந்திரன் ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டுகிறது, ஆகவே அங்கே நிற்பவர்களுக்குப் பூமி உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை, ஒரே இடத்தில்தான் நிற்கும் என்று விளக்கியவர் நீங்கள். பூமி என்று மூலையில் நீலம் பூசித் தொங்கவிட்ட பந்தைப் பார்த்தபடி பள்ளியைத் திருப்பி ஒட்டியது நான். உங்களுக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம். "கிப்லாவுக்கு அங்க திசைகாட்டி தேவல்ல புள்ள, நிமிர்ந்து பார்த்தா சரி" என்றீர்கள். பெட்டியின் முன்னால் ரெண்டு பேருடைய பேரையும் போடுவேன் என்றதும் அன்றைக்குத்தான். நான் கேட்கவில்லை. எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

பெட்டியில் உங்கள் பெயர் மட்டும்தான் இருந்ததாம். போகட்டும், நாலு பேர் கூடும் இடத்தில் பெண்சாதியின் பெயரைப் போட வெட்கமாக இருந்திருக்கும் என்று அதை விழுங்கிக்கொண்டேன். ஆனால் மற்றது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

பரிசு கொடுக்க வந்த பெரியவர், வீடெல்லாம் தெருவுக்கு நேராக இருக்க இந்தப் பள்ளி மட்டும் ஏன் கோணலாக நிற்கிறது என்று கேட்டாராம். அவர் என்ன கோபித்தா கேட்டார்? நம் தெருப் பள்ளியிலும் தொழுகிற வரிசை சுவருக்குக் கோணலாகத்தானே நிற்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் அசந்து போயிருப்பார். நீங்களோ சிரித்துக்கொண்டே, "அது என்ட பொம்புள செஞ்சது, பிழையா ஒட்டிட்டா" என்றீர்களாம். பேனாக்கத்தியால் பள்ளியைக் கிளப்பி, பூமிக்கு முதுகைக் காட்டித் தெருவுக்கு நேராக வைத்தீர்களாம். கும்மட்டம் வெடித்துவிட்டது என்றார் காக்கா.

பட்டணம் முழுவதும் உங்கள் கைவேலை. அதில் பிழை என்று ஒன்று வந்ததும்தான் உங்களுக்குப் பெண்சாதி ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததா? தெரியாதவர் சொல்லியிருந்தால் எனக்கு வலித்திருக்காது. அது பிழையில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்களே நாம் இருவர்தான். அதில் ஒருவர் பெரிய மனிதரின் முன்னால் நழுவிவிட்டார். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பதென்றால் இதுதான்.

மாமியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் இன்னும் ஊருக்கெல்லாம் உங்கள் புகழ்தான் பாடிக்கொண்டிருக்கிறார். அறுத்து வைத்த முட்டைக் கோதுகளை நொறுக்கி ரோசாச் செடிக்குப் போட்டுவிட்டேன். செவ்வாய்க்குப் பட்டணம் வேண்டுமென்றால் துரைக்கு நீங்களே செய்து கொடுங்கள். ஒரேயொரு கோதை மட்டும் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன்.

கண்காட்சி முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறதாமே. வெடித்த கும்மட்டத்தை எடுத்துவிட்டு இதை வையுங்கள். பள்ளியைப் பூமியின் பக்கம் திருப்பி ஒட்டுங்கள். யாராவது ஏன் கோணல் என்று கேட்டால், காரணத்தை உங்கள் வாயால் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம், காரணத்தைச் சொன்னால் போதும். அதன் பிறகு வீட்டுக்கு வாங்க. பாயிஸா பல்லோடு காத்திருக்கிறாள்.

நான் ஐந்து வேளையும் உங்களுக்காகக் கையேந்திக்கொண்டுதான் இருக்கிறேன், அதை நிறுத்த என்னால் முடியவில்லை. அல்லாஹ் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பாயிஸாவின் உம்மா என்றுதான் எப்போதும் கையெழுத்து வைப்பேன், இந்தத் தடவை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சந்திரப் பட்டணத்தைச் செய்த இருவரில் ஒருத்தி,
றமீலா