அந்த ஆடியில் உனக்குக் காரம் தாங்கவில்லை

நேற்றுக் காலை கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே பூண்டும் வரமிளகாயும் சேர்த்து அரைக்கிற வாசம் வந்தது. எதிர் மைதானத்தில் நாலு நாளாகத் தகரக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். உணவுத் திருவிழா மாலையில்தான் தொடக்கம் என்றாலும் சட்னி அரைப்பவர்களுக்கு விடிந்ததுமே வேலை இருக்கிறது. போர்வெல் ரிக் லாரிக்காரர் ஒருவர் ஹைட்ராலிக் ஹோஸ் குழாய் கேட்டு வந்திருந்தார். அளவை மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் என் காதில் விழவில்லை.

நீ இல்லாத முதல் ஆடி இது.

உனக்கு ஆடி என்றால் வீடு. வடக்கே மழை பிடித்துக்கொண்டால் போர்வெல் வண்டிகள் ஓட முடியாது. வண்டியை எங்காவது ஓரங்கட்டிவிட்டு நீங்களெல்லாம் ஈரோடு வரை ரயிலேறித் திருச்செங்கோட்டுக்கு வருவீர்கள். பத்து மாதம் சப்பாத்தியும் பருப்புமாகத் தின்ற வாயோடு வந்து நிற்பாய். "வாய் செத்துப் போச்சுடா மாப்ள" என்பாய். வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு நேராக என் கடைக்குத்தான் வருவாய், திருவிழா எந்தத் தேதி என்று கேட்க.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாம். நீ துளை போடப் போனாய், நான் துளை போடும் வண்டிக்கு ஹோஸ் விற்க உட்கார்ந்தேன். வருடத்தில் அந்த இரண்டு மாதம்தான் நமக்கென்று இருந்தது. அதிலும் திருவிழாவின் மூன்று நாட்களை நீ வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. உன் மனைவி சுமதியே சொல்லும்: "ஏனுங்கண்ணா, அவிய என்னக் கட்டிக்கிட்டாங்களா, உங்களயா?"

திருவிழாவில் தின்பதற்கு உனக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் எதுவும் தின்னாமல் ஒரு முழுச் சுற்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி, ஒவ்வொரு கடைச் சட்டியிலும் எட்டிப் பார்ப்பாய். அப்புறம்தான் தட்டு. அதுவும் இரண்டு பேருக்கு ஒன்றுதான். "ஆளுக்கொரு தட்டுன்னா நாலு கடையில வகுறு ரொம்பிரும்டா. ஒரு தட்டுன்னா எட்டுக் கடை." பள்ளிபாளையம் சிக்கனில் தேங்காய்ச் சில்லு உனக்கு, கறி எனக்கு. மேட்டூர் மீனில் வால் பக்கம் உனக்கு. சேலத்திலிருந்து வந்து கடை போடும் அக்காவின் தட்டுவடை செட்டில் மட்டும் பங்கு கிடையாது. இரண்டு மொறுமொறுத் தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவலும் சிவப்புச் சட்னியும் வைத்து அந்தக்கா நீட்டும்போது, "காரம் போதுங்களா சாமி?" என்று கேட்கும். "இன்னொரு கரண்டி போடுங்கக்கா, வடக்க இருந்து வந்திருக்கறன்" என்பாய். மூக்கில் தண்ணீர் ஒழுக ஒழுகத் தின்பாய். அக்கா சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் செம்பைத் தள்ளிவைக்கும்.

போன ஆடிக்கு முந்தின ஆடிக்கும் அப்படித்தான் வந்தாய். சுற்று முடிந்தது. அக்காவின் கடையில் முதல் செட்டை வாயில் போட்டாய். சட்டென்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். பாதியைக் காகிதத்தில் துப்பினாய்.

"என்னடா?"

"எரியுதுடா. வாயில புண்ணு. வகுத்துச் சூடாட்ட இருக்குது."

அதற்கப்புறம் நீ காரம் தொடவில்லை. சந்தகைக் கடையில் போய் உட்கார்ந்து தேங்காய்ப்பால் ஊற்றி, இடியாப்பம் மாதிரி மெத்தென்ற சந்தகையைத் தின்றாய். அதையும் இடது பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கி மென்றாய். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "இருவது வருசம் பாறைய ஒடச்சவன் பச்சக் கொழந்தயாட்டச் சந்தகை திங்கறயா?" என்று கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவரும் சிரித்தார். நீயும் சிரித்தாய். மணத்தக்காளிக் கீரை தின்னச் சொல்லிவிட்டு, நான் எழுந்துபோய் எனக்கு முட்டைக் கலக்கி ஒன்று சொல்லி வந்தேன்.

உன் கன்னத்தில் எப்போதும் ஒதுக்கி வைத்திருக்கும் புகையிலைத் தூளைப் பற்றி அதற்கு முன் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறேன். "இது இல்லீனா அந்தக் கம்ப்ரசர் சத்தத்துல, அந்தப் புழுதியில நின்னுக்கிட்டு இருக்க முடியாதுடா" என்றாய். அந்தச் சத்தத்தில் நான் ஒரு மணி நேரம்கூட நின்றதில்லை. அதனால் அதோடு விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் திரும்பவும் போனாய். தை மாதம், வடக்கே வேலை நடக்கும்போதே தனியாக வந்து இறங்கினாய். சட்டை உன் மேல் தொங்கியது. ஈரோட்டு மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். நாக்கின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "எப்பத்துல இருந்துங்க?" என்று கேட்டார். "ஆடிக்கு முன்னயே இருந்துச்சுங்க" என்றாய். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பவே காட்டியிருக்கலாமேங்க." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அதைச் சொல்கிறாரோ, அவ்வளவு அலுப்பு அந்தக் குரலில். உனக்கு அது எப்படிக் கேட்டது என்று தெரியாது. எனக்குச் சந்தகைக் கடையில் நான் சிரித்த சிரிப்புத்தான் கேட்டது.

நாக்கில் பாதியை எடுத்தார்கள். கழுத்தில் தையல். மூக்கு வழியாகக் குழாய். கரண்டுச் சிகிச்சை என்று நீ சொல்லும் கதிர்வீச்சு. ஒவ்வொன்றுக்கும் உன்னோடு வந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய? உள்ளே போவது நீ. நான் கையெழுத்துப் போட்டேன், இளநீர் வாங்கினேன், சுமதிக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். இதையெல்லாம் யாரும் செய்யலாம்.

போன ஆடியில் திருவிழாவுக்குப் போக வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீ கேட்கவில்லை. முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் துண்டு. பேச்சுக் குழறுவதால் கைபேசியில் தட்டி என் முன்னால் நீட்டுவாய். "மொதல்ல சுத்து" என்று நீட்டினாய். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றினாய். எட்டிப் பார்த்தாய். மூன்றாவது கடைக்கு வருவதற்குள் உனக்கு மூச்சு வாங்கியது.

சேலத்து அக்கா உன்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. துண்டுக்குள் குழாயைப் பார்த்துவிட்டது. "வந்துட்டீங்களா சாமி" என்று மட்டும் சொல்லி ஸ்டூலைப் போட்டது. ஒரு செட் செய்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றது. நீ என்னைக் காட்டினாய்.

தின்றேன். நீ கைபேசியை நீட்டினாய்: "எப்படி இருக்குது?"

"நல்லாருக்குடா."

"நல்லாருக்குன்னு நானுந்தான் சொல்லுவன். வெவரமாச் சொல்லு."

முப்பது வருடம் உன்னோடு தின்றிருக்கிறேன். ஒரு சட்னிக்கு என்ன சுவை என்று சொல்லத் தெரியவில்லை. பூண்டு தூக்கலாக இருக்கிறது என்றேன். பீட்ரூட் இனிக்கிறது என்றேன். அதோடு நின்றுவிட்டது. நீ என் கையிலிருந்த தட்டை வாங்கி, மாஸ்கைக் கொஞ்சம் இறக்கி, கண்ணை மூடி மோந்து பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

மார்கழியில் கழுத்தில் திரும்ப வந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். கூட்டி வந்தேன். கடைசி நாலு நாள் உனக்கு எழுதவும் கை ஓடவில்லை. என்னவோ கேட்கிறாய் என்று தெரிந்தது. தண்ணீரா, தலையணையா, சுமதியையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று கண்ணை அசைத்தாய். என்ன கேட்டாய் என்று இன்றுவரை தெரியவில்லை.

நேற்று மாலை போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். கடையைச் சாத்தியதும் கால் அங்கேதான் போனது. மீன் கடையில் எனக்கு முன்னால் ஒரு தம்பி, முப்பத்தைந்து வயது இருக்கும், பெண்சாதியும் சின்னப் பெண் குழந்தையுமாக நின்றான். ஒரு துண்டு வாயில் போட்டவன் "ஸ்ஸ்" என்று இழுத்துக் கையில் துப்பினான். உள்ளங்கையில் துப்பியதை எறிந்துவிட்டு அடுத்த துண்டை மறு கன்னத்துக்குத் தள்ளினான்.

என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"ஏனுங்க தம்பி, வாயில புண்ணுங்களா?"

"ஏனுங்க?"

"இல்லீங்க, ஒருக்கா ஆசுபத்திரியில காட்டிருங்க."

அவன் முகம் மாறியது. "மீன் திங்க வந்த எடத்துல நல்ல வார்த்த சொன்னீங்க போங்க. நான் உங்களக் கேட்டனுங்களா?" குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவன் பெண்சாதி மட்டும் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தது.

"அண்ணா, எத்தன நாள் ஆறாம இருந்தாக் காட்டோணுங்க?"

"மூணு வாரம், அம்மிணி."

அது வாரங்களை விரலில் எண்ணத் தொடங்கியது. மூன்றாவது விரலில் நிற்கவில்லை.

என் கடை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். "எப்ப வேணாலும் கூப்பிடு. நானே கூட வாரேன்" என்றேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு புருஷன் போன பக்கம் ஓடியது. கூட்டத்தில் அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

இன்று காலையிலிருந்து கைபேசியைச் சட்டைப் பையில் போடாமல் மேசை மேலேயே வைத்திருக்கிறேன். அடிக்கும்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்து "சொல்லு அம்மிணி" என்கிறேன். இதுவரை ஹோஸ் கேட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.